பன்னிரண்டு மணிக்கு உதிரும் படம்

விழுங்கிய அவமானம் செரிப்பதில்லை. வயிற்றில் கல்லாகக் கிடக்கும். சின்னவள் மூன்று வாரமாக அந்தக் கல்லோடுதான் மாடிப்படி ஏறுகிறாள், இறங்குகிறாள், எதிரே வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

நடந்தது இதுதான். கீழ்த்தளத்தில் அண்ணனின் கட்டட வரைபட அலுவலகம், மேல்தளத்தில் வீடு. குழந்தைகள் மருத்துவமனை ஒன்றுக்கான வரைபடங்களை எட்டு மாதம் உட்கார்ந்து வரைந்தவள் சின்னவள். படுத்திருக்கும் குழந்தைக்கும் வெளியே இருக்கிற மரம் தெரியட்டும் என்று ஜன்னல்களைத் தாழ்த்தி வைத்தவளும் அவள்தான். ஆனால் மருத்துவமனைக்காரர்கள் முதல்முறை வந்த அன்று, தாளின் மூலையில் ‘வரைந்தவர்’ என்ற கட்டத்தில் அவள் பெயர் இல்லை. அண்ணன் பெயர் இருந்தது.

“இவங்க யாரு?” என்று வந்தவர்களில் ஒருவர் கேட்டார்.

“என் தங்கச்சி. சர்வர் பெட்டியத் துடைச்சு வச்சுக்கறா” என்றான் அண்ணன்.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் அங்கேதான் நின்றாள். அவள் சிரிக்கவில்லை. வாயையும் திறக்கவில்லை. அண்ணனின் சொல்லைவிட அந்த மௌனம்தான் சின்னவளுக்கு அதிகம் கசந்தது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் நடுவே “சாப்பிட்டாச்சா?” “ஆச்சு” என்பதற்கு மேல் பேச்சில்லை.

இன்று மாலை நாலு மணிக்கு அதே மருத்துவமனைக்காரர்கள் மறுபடி வருகிறார்கள். பதினான்கு தாள்களையும் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். இன்று தாள்கள் இல்லையென்றால் வேலை வேறொரு அலுவலகத்துக்குப் போய்விடும். அப்படி எழுதியே அனுப்பியிருந்தார்கள்.

காலை பத்தேகாலுக்குச் சின்னவள் சர்வர் அறையைத் திறந்தாள்.

அறை என்பது மரியாதைக்குச் சொல்வது. மாடிப்படிக்கு அடியில் துடைப்பம் வைக்கக் கட்டிய இடம். ஒருவர் உட்காரலாம், இன்னொருவர் நிற்கலாம், மூன்றாமவர் எட்டித்தான் பார்க்க வேண்டும். பெட்டி சூடாகிவிடக் கூடாது என்பதற்காக ஏசி இருபத்துநாலு மணி நேரமும் ஓடும். மனிதருக்கு அங்கே விரல் விறைக்கும்.

அலுவலகத்தில் யாரும் எதையும் சொந்தக் கணினியில் வைத்துக்கொள்ளக் கூடாது, எல்லாம் சர்வரில்தான் என்பது அண்ணன் போட்ட சட்டம். தினமும் காலையில் பெட்டியில் எவ்வளவு இடம் மிச்சம், எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று பார்ப்பது சின்னவளின் வேலை. இன்று திரை சிவந்து கிடந்தது. மூன்று சதவீத இடம்தான் மிச்சம்.

கூடியவற்றைப் பார்த்தாள். பிறகு குறைந்தவற்றைப் பார்த்தாள். மவுஸைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது.

மருத்துவமனை வேலைக்குள் ‘இறுதி’ என்ற ஃபோல்டரைக் காணவில்லை.

அண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு வேலை முடிந்தது என்று தோன்றினால் ‘இறுதி’ என்று ஒரு ஃபோல்டர் போடுவான். அதற்கு மேல் திருத்தம் வந்தால் ‘இறுதி-2’. பிறகு ‘உண்மையான இறுதி’. வரைபடங்களைப் பெரிய தாளில் அச்சடித்துக் கொடுக்கும் நெட்டையர் அடிக்கடி சொல்வார்: “மனுஷனா பொறந்தா ஒரு தடவைதான் இறுதி. நம்ம சாருக்கு மாசத்துக்கு நாலு.”

இந்த வேலையில் பதினான்கு தாள்களும் இருந்தது ‘இறுதி’யில். ‘உண்மையான இறுதி’யில் ஒரு கடிதமும் இரண்டு புகைப்படங்களும்தான். ஃபோல்டரைப் போட்டவன் உள்ளே தாள்களை மாற்றி வைக்க மறந்திருந்தான்.

யார் எந்த நேரத்தில் எதைத் தொட்டார்கள் என்று சர்வர் ஒரு பதிவு வைத்திருக்கும். அதைப் பார்க்கும் உரிமை அவள் ஒருத்திக்குத்தான். திறந்து பார்த்தாள். நேற்று பகல் பன்னிரண்டு பத்துக்கு, அண்ணனின் கணினியிலிருந்து, ‘இறுதி’ அழிக்கப்பட்டிருந்தது. பெட்டியில் எரிந்த சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டுத் தானே இடம் பண்ணக் கிளம்பியிருக்கிறான். ‘உண்மையான இறுதி’ இருக்கும்போது வெறும் ‘இறுதி’ எதற்கு என்று நினைத்திருப்பான். சர்வரிலிருந்து அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போகாது. போனது போனதுதான்.

ஆனால் முழுக்கப் போய்விடவில்லை. அது சின்னவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒவ்வொரு மணிக்கும் சர்வர் தன்னை ஒரு படம் பிடித்துக்கொள்கிறது. ஸ்நாப்ஷாட் என்பார்கள். அந்த நிமிடத்தில் எந்தக் கோப்பு எப்படி இருந்ததோ, அது அப்படியே அந்தப் படத்துக்குள் நிற்கும். உள்ளே போய்ப் பார்க்கலாம், எடுத்து வரலாம். ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. முன்பெல்லாம் ஒரு மாதத்துப் படங்கள் இருந்தன. இடம் போதவில்லை என்று அண்ணன்தான் கத்தி, அதை ஒரே நாளாகக் குறைக்கச் சொன்னான். இப்போது இருப்பவை இருபத்துநாலு படங்கள். புதுப் படம் ஒன்று வரும்போது பழையது ஒன்று உதிரும்.

‘இறுதி’ கடைசியாக இருந்தது நேற்று பகல் பன்னிரண்டு மணிப் படத்தில். இன்று பன்னிரண்டு அடித்ததும் உதிரப்போவது அதுதான்.

சின்னவள் நாற்காலியில் சாய்ந்தாள். மணி பத்து முப்பத்தைந்து.

அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஒரு பித்தானைக்கூட அழுத்த வேண்டாம். ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். நாலு மணிக்கு, அதே மேசையில், அதே மனிதர்கள் முன்னால், அண்ணன் வெறுங்கையோடு நிற்பான். “எங்கே தாள்கள்?” என்பார்கள். அவன் திக்குவான். அப்போது யாராவது சிரிப்பார்களா? சிரிக்க வேண்டும். ஒருவராவது சிரிக்க வேண்டும். அவள் அந்தக் காட்சியை மனத்தில் ஓட்டிப் பார்த்தாள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள். மூன்று வாரமாகக் கனத்த கல் முதன்முறையாக லேசானது.

எட்டு மாத உழைப்பும் சேர்ந்து போகுமே என்று ஒரு குரல் கேட்டது. போகட்டும். பெற்றவளுக்குத் தெரியாதா, இன்னொன்று பெற்றுக்கொள்ள!

குழந்தைக்கு மரம் தெரிய ஜன்னலைத் தாழ்த்தியவள் இப்படி நினைப்பாளா என்று நீங்கள் கேட்கலாம். நினைப்பாள். நேராக அடிக்கப் போகிறவனுக்குக் கையாவது நடுங்கும். கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பவனுக்கு அந்த நடுக்கமும் இல்லை. அதனாலேயே அந்தப் பாவம் அத்தனை எளிதாக இருக்கிறது.

பதினொன்றே காலுக்குக் கதவு தடாலென்று திறந்தது.

“என்ன பெட்டி இது?” அண்ணன் உள்ளே தலையை நீட்டினான். “நேத்து அத்தனை அழிச்சேன். ஒரு இம்மிகூட இடம் வரல. இன்னும் செவப்பாவே நிக்குது!”

“அழிச்சாலும் உடனே இடம் வராது அண்ணா. ஒரு நாளைக்குப் படம் அதைப் பிடிச்சு வச்சிருக்கும்.”

“எதைப் பிடிச்சு வச்சிருக்கும்?”

அந்த ஒரு நொடியில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “நேத்து இருந்ததை” என்றாள்.

“நேத்து இருந்தது இன்னிக்கு எதுக்கு? ஊசிப் போனதை யாராவது உள்ள வச்சுப் பூட்டுவாங்களா? எல்லாப் படத்தையும் தூக்கிப் போடு.”

சின்னவள் கேட்காமலே வரம் கிடைத்தவள்போல் ஆனாள். குரலைத் தாழ்த்தி, மிகப் பணிவாகச் சொன்னாள்.

“எழுதிக் குடுத்துடுங்க அண்ணா. நாளைக்கு நான்தான் பண்ணேன்னு பேச்சு வரக் கூடாது.”

“எழுதணுமா? கலெக்டர் ஆபீஸா இது?” என்று சிரித்தபடியே போனை எடுத்துத் தட்டினான். “அனுப்பிட்டேன், பாத்துக்கோ. பெட்டியத் துடைக்கிறவளுக்கு வந்த வாழ்வப் பாரு!”

கதவு சாத்திக்கொண்டது. சின்னவளின் போன் திரையில் அவன் வாக்கியம் வந்து நின்றது: ‘பழைய படம் எல்லாத்தையும் அழி. உடனே.’

தன் குழிக்குத் தானே அளவு கொடுத்துவிட்டுப் போகிறான். இனி பன்னிரண்டு மணி வரை காத்திருக்கக்கூட வேண்டாம். அண்ணன் சொன்னதைத் தங்கை செய்தாள், அவ்வளவுதான். எந்த நியாயஸ்தலத்திலும் ஏறி நிற்கலாம். அந்தச் செய்தியை அவள் ஐந்து தடவை படித்தாள். கற்கண்டை வாயில் ஒதுக்கி வைத்திருப்பதுபோல் இருந்தது. உடனே கடித்துவிட மனம் வரவில்லை.

கதவு மறுபடி திறந்தது. இந்த முறை மெதுவாக. அண்ணி ஒரு கையில் கம்பளிச் சால்வையோடு நின்றாள்.

“இந்தா. இங்க குளிருது.”

“பழகிடுச்சு. வேணாம் அண்ணி.”

“வச்சுட்டுப் போறேன். வேணும்னா போத்திக்கோ.” சால்வையை நாற்காலியின் முதுகில் போட்டாள். போகவில்லை. “அவரு கத்தினது கேட்டுச்சு.”

“உங்களுக்குக் காதெல்லாம் நல்லாத்தான் கேக்கும். வாய்தான் வராது.”

அண்ணியின் முகத்தில் அது பட்டது. படுவதைச் சின்னவள் பார்த்தாள், பார்த்து மகிழ்ந்தாள். அண்ணி சால்வையின் நுனியை இழுத்துச் சரிசெய்தாள்.

“நாலு மணிக்கு நீயும் அந்த ரூமுக்கு வா.”

“எதுக்கு? மேசை துடைக்கவா?”

“வந்து உக்காரு. அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு அண்ணி போய்விட்டாள்.

மணி பதினொன்று நாற்பது. அழிப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று சின்னவளுக்குத் தோன்றியது. எதை இழக்கப்போகிறான் என்று அளந்து பார்க்கும் ஆசை. நேற்று பகல் பன்னிரண்டு மணிப் படத்துக்குள் போனாள். ‘இறுதி’ அங்கே பத்திரமாக இருந்தது. முதல் தாளைத் திறந்தாள். தாழ்ந்த ஜன்னல்கள், படுக்கைகள், வெளியே அவள் வட்டமாகப் போட்ட மரம். பார்வை மூலைக் கட்டத்துக்குப் போனது.

‘வரைந்தவர்’ என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். இரண்டாவது தாள், ஐந்தாவது, பதினான்காவது. எல்லாவற்றிலும் அவள் பெயர். அந்தக் கட்டம் தனியாக ஒரு கோப்பு. அதில் ஒரு வரியை மாற்றினால் பதினான்கு தாள்களும் மாறிவிடும். மாற்றியது யார்? பதிவைத் தேடினாள்.

நேற்று பகல் பதினொன்று ஐம்பத்திரண்டு. அண்ணியின் கணினி.

அறைகளின் பட்டியலும் கடிதங்களும் தட்டுவதற்கு மட்டும் அந்த ஃபோல்டருக்குள் போய்வரும் அண்ணி. வரைபடத்தில் கோடு எது, சுவர் எது என்று தெரியாத அண்ணி. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், சின்னவளிடம்கூடச் சொல்லாமல், எழுதிவிட்டு எழுந்து போயிருக்கிறாள். அது பதினெட்டு நிமிடத்தில் அழிந்துபோனது அவளுக்குத் தெரியாது. நாலு மணிக்கு எல்லோரும் பார்க்கப்போகிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் ‘வந்து உக்காரு’ என்றாள்.

சின்னவளுக்கு முதலில் வந்தது நன்றியில்லை, கோபம். ‘ஒரு வரி தட்டினால் ஆயிற்றா? அன்று வாயைத் திறந்திருக்க வேண்டாமா?’ பழி அவ்வளவு சுலபமாக இடத்தைக் காலி செய்யாது. வாடகைக்கு வந்தது வீட்டையே எழுதிக் கேட்கும். அண்ணனின் செய்தி போனில் ஒளிர்ந்தபடி இருந்தது. ‘எல்லாத்தையும் அழி. உடனே.’

பதினொன்று ஐம்பத்தைந்து. ஐம்பத்தாறு.

அண்ணி இதைச் செய்யும்போது அவள் கை எப்படி நடுங்கியிருக்கும் என்று சின்னவள் நினைத்துப் பார்த்தாள். அந்த வீட்டில் பதினாறு வருடம் குரல் உயர்த்தாதவள். பிடிபட்டால் அவள் கதி என்ன? அதைத் தெரிந்துகொண்டே செய்திருக்கிறாள். அந்த நடுக்கத்தை அழிக்கத் தனக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு அந்த ஒரு படத்தின் மேல் பூட்டுப் போட்டாள். பன்னிரண்டு அடித்தது. பட்டியலின் தலையில் புதுப் படம் ஒன்று வந்தது. அடியில் இருந்தது உதிராமல் நின்றது.

ஆண்டவன் சில சமயம் பெரிய தீமையைத் தடுக்கப் பெரிய கையை நீட்டுவதில்லை. யாரோ ஒருத்தி தட்டிய ஒரு வரி போதும் என்று விட்டுவிடுகிறான்.

கடவுளைப் பற்றிச் சொல்லிவிட்டுச் சின்னவளைத் தேவதையாக்கிவிடக் கூடாது. அவள் அண்ணனிடம் போய்ச் சொல்லவில்லை. தானாகத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஒன்றே முக்காலுக்குத் தெரிந்தது. அச்சுக்கான தாள் சுருள் கடையிலிருந்து வந்து, நெட்டையர் அச்சடிக்க ‘உண்மையான இறுதி’யைத் திறந்ததும் கூடத்திலிருந்து ஒரு சத்தம். அடுத்த நிமிடம் அண்ணன் படிக்கட்டடியில் நின்றான்.

“எங்கடி தாளெல்லாம்? என்ன பண்ணித் தொலைச்ச?”

சின்னவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். பன்னிரண்டு பத்து, அவன் கணினி, அவன் கை. பிறகு போனை நீட்டினாள். ‘பழைய படம் எல்லாத்தையும் அழி. உடனே.’

அவன் படித்தான். முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கடைசிப் படியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

“அழிச்சிட்டியா?”

அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம். இரண்டு. அவன் தலையைக் கைகளில் பிடித்துக்கொண்டான். இனித்தது. இனித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

“கேக்கறேன்ல... அழிச்சிட்டியா?” அவன் குரல் உடைந்திருந்தது.

“நீங்க அழிக்கச் சொன்னீங்க. நான் அழிக்கல” என்றாள். “என் கணினிக்கு இறக்கி வச்சிருக்கேன். நெட்டையர அனுப்புங்க.”

அவன் எழுந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். ‘நன்றி’ என்பது அவனுக்குப் பழக்கமில்லாத சொல். “சரி, சரி, சீக்கிரம்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளித்துச் சாப்பிட்டுச் சட்டை மாற்ற மாடிக்கு ஓடினான்.

ஒரு தாளுக்கு ஆறு நிமிடம். முதல் தாள் இயந்திரத்திலிருந்து இறங்கியதும் நெட்டையர் மூலையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“தங்கச்சி...”

“சொல்லுங்க.”

“ஒண்ணுமில்ல. மை நல்லா இறங்கியிருக்கு” என்றார். தாளை முகம் தெரியாதபடி கவிழ்த்து வைத்தார். அடுத்ததையும் அப்படியே.

மூன்றே முக்காலுக்கு அண்ணன் புதுச் சட்டையோடு இறங்கி வந்தான். அண்ணி மேசையைச் சுற்றி நாற்காலிகளைச் சரி செய்துகொண்டிருந்தாள். அவன் தாள்களை நிமிர்த்தினான். சிரித்த முகம் சுருங்கியது.

“இது யாரு பண்ண வேலை?”

அண்ணன் சின்னவள் பக்கம் திரும்பினான்.

“சர்வர்ல தெரியும்ல, யாரு கை வச்சாங்கன்னு? நீதான் தினம் பாக்கறியே. சொல்லு!”

அண்ணியின் கை ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றுவிட்டது. சின்னவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

“தெரியும்” என்றாள். “நான்தான்.”

“திருட்டுத்தனமா?”

“என் பேர நானே எழுதிக்கறது எந்த ஊர்த் திருட்டு?”

“நெட்டை, அந்த வரிய எடுத்துட்டு மறுபடி போடுய்யா!”

“பதினாலு தாள் சார். எண்பத்தி நாலு நிமிஷம்” என்றார் நெட்டையர். குரலில் வருத்தமே இல்லை. “வர்றவங்க இருக்கச் சொன்னா இருப்பாங்களா என்ன?”

“அப்போ அடிச்சுத் தொலைக்கறேன்.” அண்ணன் மேசையிலிருந்த தடித்த கறுப்பு மார்க்கரை எடுத்து மூடியைப் பல்லால் கழற்றினான். முதல் தாளின் மூலைக்குக் குனிந்தான்.

கட்டத்தின் மேல் ஒரு கை வந்து படிந்தது. அண்ணியின் கை.

“கையை எடு.”

“அவ பொய் சொல்றா” என்றாள் அண்ணி. குரல் சின்னதாகத்தான் இருந்தது. “எழுதினது நான்.”

“என்னது?”

“நான்தாங்க எழுதினேன். பதினாறு வருஷமா உங்க லெட்டர் எல்லாம் நான்தான் எழுதறேன். ஒண்ணுலயாவது என் பேரு உண்டா? நான் கேட்டேனா? எனக்கு இல்லாட்டிப் போகுது. எட்டு மாசம் வரைஞ்சவ பேரு அதுல இருக்கணும்.” அவள் கையை எடுக்கவில்லை. இன்னும் அழுத்தி வைத்தாள். “அடிக்கணுமா? அடிங்க. என் கை மேலதான் அடிக்கணும்.”

மார்க்கரின் முனை அவள் விரல்களுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நின்றது. 

வெளியே கார் ஒன்று வந்து நின்றது. கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது. பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

“போய்க் கதவத் திற” என்றான் அண்ணன், பல்லிடுக்கில் மூடியோடு.

இரண்டு பெண்களில் யாரும் அசையவில்லை. போய்த் திறந்தவர் நெட்டையர்.